டி அண்ட் டி மேசையில் ஆட்டிசப் பிள்ளை: வீடா, தெரபி குழுவா, கேம் கடையா, ஆன்லைனா?

பதினாலு வயதுப் பையன். ஆட்டிசம். டிராகன், கோட்டை, வரைபடம் என்றால் மணிக்கணக்கில் பேசுவான். வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான். "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட விடுங்களேன், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ரொம்ப நல்லதாம்" என்று யாரோ சொல்கிறார்கள். சுருக்கமாக டி அண்ட் டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் ஆட்டம். தேடினால் தெரபிஸ்ட் நடத்தும் கட்டணக் குழு ஒன்று தெரிகிறது. கேம் கடையில் வாரா வாரம் யார் வேண்டுமானாலும் உட்காரும் மேசை இருக்கிறது. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் கணக்கில்லாத அழைப்புகள். நடுவில் "நாமே வீட்டில் நடத்தினால் என்ன?" என்ற யோசனை வேறு. இங்கே வந்து சிக்கி நிற்கும் பெற்றோருக்காகத்தான் இந்த ஒப்பீடு. பெண் பிள்ளைகளுக்கும் இருபதைத் தாண்டியவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஆட்டம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அப்புறம். மேசையை நடத்துகிறவர் யார், பிடிக்காவிட்டால் பிள்ளை எழுந்து போக முடியுமா என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். வாசலில் "தெரபி" என்று பலகை மாட்டியிருப்பது அந்த இரண்டுக்கும் உத்தரவாதம் ஆகாது.

## இந்த ஆட்டம் ஏன் பொருந்துகிறது

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒருவர் கேம் மாஸ்டர். கதைக்களம், எதிரிகள், வழிப்போக்கர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு கேரக்டர். "கதவுக்குப் பின்னால் குறட்டைச் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். இவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை உருளும். யாரும் ஜெயிப்பதில்லை, கதை அடுத்த வாரம் தொடரும்.

சாதாரண அரட்டையில் யார் எப்போது பேசலாம் என்று எங்கும் எழுதி வைத்திருப்பதில்லை. ஆட்டிசப் பிள்ளைகள் பலர் தடுமாறுவது அங்கேதான். இந்த மேசையில் சண்டைக் காட்சி தொடங்கினால் ஆளுக்கு ஒரு வரிசை எண் வந்துவிடும். உன் முறை வரும்வரை உன்னிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை, வந்ததும் யாரும் குறுக்கிடுவதில்லை. பேசுவதற்கு ஒரு விஷயம் ஏற்கெனவே மேசைமேல் விரித்து வைத்திருக்கிறது. "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று எந்த மாமாவும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் எல்லாருமே வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். ஏடாகூடமாக ஒன்று சொல்லிவிட்டால் அசடு வழிவது கேரக்டர்தான். விதிகளை வரி விடாமல் மனப்பாடம் செய்யும் பழக்கம் வகுப்பில் தொல்லை. இங்கே அதே பழக்கத்துக்கு மரியாதை. "அந்த மந்திரம் முப்பதடிக்கு மேல் எட்டாதே" என்று கேம் மாஸ்டரைத் திருத்துகிற பையனை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், இந்த முறை நல்ல விதமாக.

ஆய்வு இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எட்டு ஆட்டிச நிலையாளர்களை ஆறு வாரம் டி அண்ட் டி விளையாடவைத்துப் பேட்டி எடுத்து 2024-இல் வெளியிட்டார்கள். குழுவில் தானும் ஒருவர் என்ற உணர்வு வந்தது, கேரக்டராக முயன்றதில் கொஞ்சம் வெளி வாழ்க்கைக்கும் கூடவே வந்தது என்று விளையாடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எட்டே பேர், எல்லாரும் பெரியவர்கள். ஜப்பானில் கோஹே காத்தோ என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக ஆட்டிசப் பிள்ளைகளோடும் இளைஞர்களோடும் இதைச் செய்துவருகிறார். அவர் இதைச் சமூகத்திறன் பயிற்சி என்று முன்வைப்பதில்லை. ஓய்வுநேரச் செயல்பாட்டுக்கான ஆதரவு என்கிறார். எனக்கு இந்தப் பார்வை பிடிக்கும். எந்நேரமும் ஏதாவது ஒரு வகுப்பில் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குச் சும்மா விளையாட ஓரிடம் கிடைப்பதே பெரிய காரியம். "ஆறு மாதத்தில் மாற்றம் காட்டுகிறோம்" என்று யாராவது சொன்னால், அதற்கு இந்த ஆய்வுகளைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, நடத்துபவர். ஆட்டிசம் பற்றிப் படித்தவரா என்பதைவிட, பதிலுக்காகப் பத்து விநாடி சும்மா இருக்கத் தெரிந்தவரா என்று பாருங்கள். அடுத்து, முன்கூட்டியே தெரிவது: எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்போது இடைவேளை, யார் யார் வருவார்கள், கேரக்டர் செத்தால் என்ன ஆகும். பிறகு அறை. ஒலி, வெளிச்சம், வாசனை, நாற்காலிகளுக்கு இடையே உள்ள தூரம். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், பல பிள்ளைகளுக்கு விளையாட்டே இங்கேதான் முறியும். அப்புறம், கேள்வி கேட்காமல் எழுந்து போய்த் திரும்பி வரும் உரிமை.

கூட விளையாடுகிறவர்கள் யார் என்பதும் முக்கியம். தானே ஆட்டிச நிலையாளரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுதியது நினைவில் இருக்கட்டும்: புரிந்துகொள்வதில் வரும் சிக்கல் ஆட்டிச நிலையாளரிடம் மட்டும் உள்ள குறை இல்லை, இரு தரப்புக்கும் இடையே வருவது. அதனால் "நார்மல் பிள்ளைகளோடு பழகினால்தான் கற்றுக்கொள்வான்" என்ற எண்ணத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். தன்னைப் போன்ற இன்னும் இருவர் இருக்கும் மேசையில் அவன் பேச்சுக்கு விளக்கவுரை தேவைப்படாமல் போகலாம்.

கடைசியாகச் செலவு. பணம், பெற்றோரின் நேரம், மறுநாள் பிள்ளைக்கு வரும் களைப்பு, மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

## வீட்டு மேசை

பணக்கணக்கில் இதைவிட மலிவு கிடையாது. டி அண்ட் டி-யின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். 2023-இல் விதித்தொகுப்பு ஒன்றை, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே வெளியிட்டுவிட்டார்கள். 2024-இல் வந்த வீரர் கையேட்டின் விலை 49.99 டாலர், ஆனால் ஆரம்பத்துக்கு அது தேவையே இல்லை. பகடை இல்லாவிட்டால் போன் செயலி போதும்.

அறை உங்கள் கையில், நேரம் உங்கள் கையில், ஃபேனை நிறுத்தலாம், டியூப்லைட்டை அணைக்கலாம். மொழியும் உங்கள் கையில். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் கதையைத் தமிழில் ஓட்டலாம். ‘ஃபயர்பால்’ என்ற மந்திரம் ஃபயர்பாலாகவே இருக்கட்டும். பாட்டியைச் சந்தையில் கத்தி விற்கும் கிழவியாக உட்காரவைத்தால் அவர் பேரம் பேசுகிற வேகத்துக்கு எந்தக் கேம் மாஸ்டரும் ஈடு கொடுக்க முடியாது.

நுணுக்கம் ஒன்று சொல்கிறேன். "என்ன செய்கிறாய்?" என்ற திறந்த கேள்விதான் இந்த ஆட்டத்தின் உயிர், சில பிள்ளைகளுக்கு உலகத்திலேயே கஷ்டமான கேள்வியும் அதுதான். பூட்டிய கதவுக்கு முன்னால் அவன் உறைந்து நிற்கிறான் என்று வையுங்கள். சின்ன அட்டைகளில் "ஒட்டுக்கேள்", "பூட்டை நெம்பு", "ஜன்னல் பக்கம் போ" என்று எழுதி முன்னால் வையுங்கள், பக்கத்தில் எதுவும் எழுதாத அட்டை ஒன்று. முதல் சில நாள் எழுதிய அட்டையைத் தொடுவான். ஒரு நாள் வெற்று அட்டையை எடுத்து, "குறட்டை விடுகிறவனுக்குத் தாலாட்டுப் பாடு, இன்னும் நல்லாத் தூங்கட்டும்" என்று எழுதக்கூடும். வாய்ப்பேச்சு இல்லாத பிள்ளையும் இதே அட்டைகளை வைத்து, அல்லது டேப்லெட்டில் தட்டி, முழு ஆட்டக்காரராக இருக்கலாம். இதற்கெல்லாம் தெரபிஸ்ட் தேவையில்லை, பொறுமை போதும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், பெற்றோரால் பெற்றோராக இல்லாமல் இருக்க முடியாது. "பாத்தியா, பூதத்துக்கிட்டகூட ‘ப்ளீஸ்’னு கேட்டா வேலை நடக்குது, ஸ்கூல்லயும் அப்படித்தான் கேக்கணும்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், அன்றோடு ஆட்டம் வீட்டுப்பாடம் ஆகிவிடும். தயாரிப்புக்கு வாரத்தில் ஒரு மாலையாவது போகும். தங்கை சிரித்தால் பழைய சண்டையெல்லாம் மேசைக்கு வரும். புது மனிதர்கள் யாரும் வருவதும் இல்லை. கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகனோ அத்தை மகளோ கேம் மாஸ்டராக அமைந்தால் இவற்றில் பாதி தீர்ந்தது. அப்பா பேசாமல் ஒரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, முடிந்தால் சொதப்பிக்கொண்டு, உட்கார்ந்திருக்கலாம்.

இதுவரை ஆடியதே இல்லை, புது இடம் என்றாலே பதற்றம், பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

## தெரபிஸ்ட் நடத்தும் குழு

அமெரிக்காவில் இது ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. சியாட்டில் பக்கத்து ‘கேம் டு க்ரோ’ என்ற லாபநோக்கற்ற அமைப்பு இப்படிக் குழுக்கள் நடத்துகிறது, நடத்துபவர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. ‘கிரிட்டிகல் கோர்’ என்று ஆட்டிசப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே உருவான ஓர் ஆட்டப் பெட்டியையும் கொண்டுவந்திருக்கிறது. அதன் பின்னால் இருப்பது, பிள்ளையின் ஆர்வத்தைப் பின்தொடர்ந்து போகும் ஃப்ளோர்டைம் அணுகுமுறை. பென்சில்வேனியாவில் ‘போதனா குரூப்’ இதே வேலையைச் செய்கிறது.

நல்ல குழு எப்படி இருக்கும்? ஆட்கள் குறைவு, மாறாத முகங்கள், மாறாத நேரம். ஒரு பிள்ளைக்கு உதவி கேட்பது கஷ்டம் என்றால், தனியாகத் தூக்க முடியாத பாறை ஒன்று அவன் வழியில் வந்து கிடக்கும். ஏன் கிடக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாராவது கலங்கினால் அதைக் கையாளத் தெரிந்த பெரியவர் அறையிலேயே இருக்கிறார். பள்ளியில் கேலி, அடி வாங்கி மனிதர்களையே நம்பாமல் போன பிள்ளைக்கு, பகடையில் 1 விழுந்தாலே மெல்ட்டவுன் வரும், அதாவது தாங்க முடியாமல் நிலைகுலைந்து போகும் பிள்ளைக்கு, வேறு எந்த வழியைவிடவும் இது பாதுகாப்பு.

கட்டணம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதவை வேறு. இத்தனை வாரம் என்று கணக்கு வைத்து நடக்கும் குழு, நட்பு அரும்பும் நேரத்தில் முடிந்துபோகும். பிறகு அந்தப் பிள்ளைகள் சந்திக்க வழி இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். இலக்கு யார் எழுதியது என்பதும் கவனிக்க வேண்டியது. "கண் தொடர்பு கூட வேண்டும்", "கை அசைப்பதைக் குறைக்க வேண்டும்" என்று தாளில் இருந்தால் நான் சேர்க்க மாட்டேன். தன் இயல்பை மறைத்துக்கொண்டு நடிக்க இன்னொரு இடத்தில் பயிற்சி கொடுக்க வேண்டாம், பள்ளியில் அது இலவசமாகவே கிடைக்கிறது. இன்னொன்று: கேம் மாஸ்டர் பயிற்சிச் சான்றிதழ் வேறு, உளவியலாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் போன்ற தொழில் உரிமம் வேறு. முதலாவது மட்டும் வைத்திருப்பவர் நல்ல கேம் மாஸ்டராக இருக்கலாம், ஆனால் தெரபிக்கான கட்டணம் கேட்கக் கூடாது.

## கேம் கடை, கிளப் மேசை

நிஜ டி அண்ட் டி இங்கேதான் இருக்கிறது. யாரும் யாரையும் சரிசெய்ய வரவில்லை, விளையாட வந்திருக்கிறார்கள். சேர்வதற்குப் பெரும்பாலும் காசில்லை அல்லது சொற்பம். பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயதாகி, விதிகள் அத்துப்படியாகி, "தெரபி" என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறதா? கடைக்கு விடுங்கள். தன் ஆர்வத்தைத் தன்னைவிடத் தீவிரமாக வைத்திருக்கும் இருபத்தைந்து வயது அண்ணன்களைப் பார்ப்பது அந்த வயதில் பெரிய ஆறுதல். அந்த அண்ணன்களில் சிலர் ஆட்டிச நிலையாளர்களாகவே இருக்கவும் கூடும்.

ஆனால் அறை பயங்கரம். ஒரே ஹாலில் ஐந்து மேசை, நாலு பக்கமும் கத்தல், பீட்சா வாசனை. ‘அட்வென்ச்சரர்ஸ் லீக்’ போன்ற பொது ஆட்டங்களில் ஒரு மேசைக்கு ஏழு ஆட்டக்காரர்கள் வரை உட்காரலாம். ஏழு பேர் இருந்தால் உன் முறை வர அரை மணிகூட ஆகலாம். வாரா வாரம் ஆள் மாறும், சில சமயம் கேம் மாஸ்டரே மாறுவார். விதிச் சண்டை வரும், வயதுக்கு மீறிய ஜோக் வரும். கடையில் இரண்டரை மணி நேரம் சிரித்துக்கொண்டு தாக்குப்பிடித்தவன் வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டால், அதுவும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். போதாததற்குக் கண்ணாடி அலமாரியில் பளபளக்கும் பகடைகள். இலவச மேசை என்று போய் மாதா மாதம் பகடை வாங்கும் குடும்பங்கள் உண்டு.

முதல் நாள் விளையாடாமல் வேடிக்கை மட்டும் பார்க்கப் போங்கள். கூட்டம் குறைந்த நாள் எது என்று கடைக்காரரிடமே கேட்டால் சொல்லிவிடுவார்.

## ஆன்லைன்

பயணம் இல்லை, வாசனை இல்லை, ஒலியை நாமே குறைக்கலாம், கேமராவை அணைத்துவைக்கலாம். ரோல்20 தளத்தில் இலவசக் கணக்கே போதும். வரைபடம், பகடை, யார் முறை என்ற வரிசை எல்லாம் திரையிலேயே தெரியும். பேச்சைவிட எழுத்தில் சரளமாக இருக்கும் பிள்ளைக்கு, முழுக்க எழுத்திலேயே நடக்கும் ஆட்டங்கள் இருக்கின்றன. ஒருவர் இன்று காலை எழுதுவார், இன்னொருவர் நாளை பதில் போடுவார். யோசிக்க ஒரு நாள் கிடைக்கும் உரையாடல் வேறெங்கே கிடைக்கும்? இந்த வகையைப் பெற்றோர் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அது வருத்தம்தான்.

குரல் ஆட்டத்தில் வேறு பிரச்சினை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் விளங்காது, முகம் தெரியாததால் யார் கோபித்தார், யார் கிண்டலடித்தார் என்பதும் புரியாது. அந்நியர்கள் நிறைந்த சர்வரில், அதாவது டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில், பதினான்கு வயதுப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. எதையும் நேர்ப்பொருளில் நம்பும் பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. தெரிந்த குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று, நான்கு பேர் சேர்ந்து மூடிய குழுவாக ஆடுவதுதான் நல்லது. அப்படி ஒரு நால்வர் அமைந்தால், ஊரில் வேறெந்த வசதியும் இல்லாத குடும்பத்துக்கு இதுவே முதல் தேர்வு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வீடு | தெரபி குழு | கடை | ஆன்லைன் |
|---|---|---|---|---|
| பணம் | மிகக் குறைவு | அதிகம் | குறைவு, ஆனால் ஆசை இழுக்கும் | குறைவு |
| பெற்றோர் நேரம் | மிக அதிகம் | கொண்டுவிட, கூட்டிவர | காத்திருப்பு | ஆரம்பத்தில் மேற்பார்வை |
| ஒலி, கூட்டம் | நம் கட்டுப்பாட்டில் | பெரும்பாலும் அமைதி | மோசம் | நம் கட்டுப்பாட்டில் |
| மாறாத முகங்கள் | ஆம் | ஆம், குழு முடியும்வரை | உறுதியில்லை | மூடிய குழுவில் மட்டும் |
| புதிய நட்பு | இல்லை | உண்டு, தொடருமா தெரியாது | உண்டு | உண்டு |
| எழுந்து போவது | எளிது | கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் | சங்கடம் | ஒரு பொத்தான் |

## எந்த ஆட்டம்?

இதற்கு இவ்வளவு கவலை வேண்டாம். விதிகளில் மூழ்கப் பிடித்த பிள்ளைக்கு டி அண்ட் டி-யே சரி. விதிப் புத்தகத்தைப் பார்த்து மிரளும் பிள்ளைக்கு ‘மௌஸ்ரிட்டர்’ நன்றாக இருக்கும். குட்டி எலிகள் வீரர்களாகப் போகும் ஆட்டம், பொருள்களெல்லாம் சின்ன அட்டைகள், பையில் இடம் இருக்கிறதா என்று வைத்தே பார்க்கலாம். எதை எடுத்தாலும் ‘செஷன் ஜீரோ’ என்று ஒரு நாளை ஒதுக்குங்கள். அன்று ஆட்டம் இல்லை, பேச்சு மட்டும்: என்ன வரலாம், என்ன வரவே கூடாது, சிலந்தி பயமா, கேரக்டர் சாகலாமா. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையையும் மேசை நடுவில் வையுங்கள். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சி வெட்டப்படும், காரணம் கேட்கக் கூடாது. வார்த்தை வராத நேரத்திலும் விரல் வரும் என்பதால் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு உபயோகம்.

## சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

நடத்துபவரிடம் இப்படிக் கேளுங்கள். பிள்ளை ஒரு மணி நேரம் ஒன்றுமே பேசாவிட்டால் என்ன செய்வீர்கள்? ("பேசவைப்போம்" என்றால் யோசியுங்கள், "பரவாயில்லை, பகடை உருட்டட்டும்" என்றால் நம்பிக்கை வைக்கலாம்.) ஒரு விதியை வைத்து வாதம் செய்தால்? இடையில் எழுந்து போனால் அவன் கேரக்டருக்கு என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நல்ல கேம் மாஸ்டரிடம் தயாராகப் பதில் இருக்கும்: "குதிரைகளைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்."

பிள்ளையிடம் கேட்க ஒன்றுதான்: விளையாட விருப்பமா? இல்லை என்றால் இந்த ஒப்பீடு முழுவதையும் மூடிவைத்துவிடலாம். ரயில் அட்டவணையோ பூச்சியோ அவனுக்குப் பிடித்தது எதுவோ, அதை நேசிக்கிற கூட்டத்தைத் தேடுங்கள்.

விருப்பம் என்றால், பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. வீட்டில் ஒரே நாளில் முடியும் குட்டிக் கதை ஒன்று. பிடித்தால் இன்னும் இரண்டு பிள்ளைகளை, முடிந்தால் அவனைப் போன்றவர்களை, அதே மேசைக்குக் கூப்பிடுங்கள். பதற்றமோ பழைய காயமோ குறுக்கே வந்தால் தெரபி குழு. கடையும் பெரிய ஆன்லைன் சர்வரும் அவனே கேட்கும்போது. இடம் மாறும்போது கேரக்டர் தாளையும் பகடைகளையும் அப்படியே கொண்டுபோக விடுங்கள். புது மேசையில் அதே கேரக்டரோடு தொடங்கலாமா என்று நடத்துபவரிடம் முதல் நாளைக்கு முன்பே பேசிவைத்துவிடுங்கள்.